சித்தியர்: ஆப்பிரிக்க வேர்களும் இந்தியக் கலப்பும்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டக் காடுகளை ஒட்டிய ஊர்களிலும், குஜராத்தின் ஜூனாகத் வட்டாரத்திலும், ஐதராபாத் நகரிலும் வாழும் சித்தியர் ஆப்பிரிக்க வழியினர். எல்லாப்பூர், ஹலியால், அங்கோலா பகுதிகளில் இருப்போர் கொங்கணியும் கன்னடமும் பேசுகின்றனர். அவர்களில் இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் ஆகிய மூவகையினரும் உண்டு. குஜராத்தில் இருப்போர் குஜராத்தி பேசும் முஸ்லிம்கள். ரத்தன்பூரில் உள்ள பாவா கோர் தர்கா அவர்களது தலையாய வழிபாட்டிடம். மொழியும் உடையும் சமயமும் அந்தந்த மண்ணோடு ஒன்றிவிட்ட இம்மக்களின் முன்னோர் எந்தக் கரையில் கப்பலேறினர் என்பதற்கு எழுத்துச் சான்று சொற்பம். மரபணு ஆய்வு இந்த இடத்தில்தான் துணைக்கு வருகிறது.

எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் அதிகாரத்தை எட்டியவர்களையே பதிவு செய்திருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாகக் கைமாறித் தக்காணம் வந்த மாலிக் அம்பர், அகமதுநகர் சுல்தானகத்தின் ஆட்சிப் பொறுப்பாளராக உயர்ந்து, முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்தி, 1626இல் மறைந்தார். மும்பைக்குத் தெற்கே ஜஞ்சிராக் கடற்கோட்டையைச் சித்தி மரபினர் 20ஆம் நூற்றாண்டு வரை தம் கையில் வைத்திருந்தனர். ஆனால் 16ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியர் மொசாம்பிக் கரையிலிருந்து கோவாவுக்கு ஏற்றி வந்து விற்ற ஆண்கள், பெண்கள், சிறுவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. தப்பியோடியவர்களும் விடுவிக்கப்பட்டவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் குடியேறினர். போர்த்துகல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டதே 1869இல்தான். இலங்கையிலும் இப்படிக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர் புத்தளம் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர்.

இந்த வரலாற்றை மரபணுவில் தேடிய இரு முக்கிய ஆய்வுகள் 2011இல் வெளிவந்தன. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜும் சக ஆய்வாளர்களும் லட்சக்கணக்கான மரபணுக் குறியீடுகளை (ஆளுக்கு ஆள் வேறுபடும் டி.என்.ஏ. இடங்களை) ஒப்பிட்டனர். சித்தியரிடம் ஆப்பிரிக்க, இந்திய மரபுகள் கலந்திருப்பதும், ஐரோப்பிய (போர்த்துகீசிய) மரபு சிறிதளவு இருக்கக்கூடும் என்பதும் தெரியவந்தன. மேற்கிந்தியாவில் வாழும் ஆப்பிரிக்க வழிக் குழு ஒன்றில் 18,534 குறியீடுகளைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வு, அக்குழுவின் மரபில் 58.7 சதவீதம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது எனக் கணக்கிட்டது.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் இன்னும் குறிப்பான செய்தியைத் தருகிறது. ஆப்பிரிக்காவில் பாண்டு மொழிகளைப் பேசும் மக்களிடம் மிகுந்துள்ள ஒரு ஒய் குரோமோசோம் கிளை, கர்நாடகச் சித்தி ஆண்களில் சுமார் 42 சதவீதத்தினரிடமும் குஜராத் சித்தி ஆண்களில் 34 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. மீதமுள்ளவற்றில் வேறு ஆப்பிரிக்கக் கிளைகளும் இந்தியக் கிளைகளும் இருந்தன. இதைக் கொண்டு சித்தியர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தனர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாண்டு மொழிகள் இன்றைய கேமரூன், நைஜீரியா எல்லைப்புறத்தில் தோன்றி, சில ஆயிரம் ஆண்டுகளில் கிழக்கிலும் தெற்கிலும் பரவி மொசாம்பிக் கடற்கரையை எட்டின. பேசிய மக்களின் மரபணுவும் உடன் பயணித்தது. மேற்கில் தோன்றிய கிளை கிழக்குக் கரையில் கப்பலேறியது இப்படித்தான். மாலிக் அம்பர் போன்றோரின் எத்தியோப்பியாவைவிட, பெயரற்ற அடிமைகள் பிடிக்கப்பட்ட தென்கிழக்கு ஆப்பிரிக்காவையே இன்றைய சித்தியரின் மரபு அதிகம் சுட்டுகிறது. ஏடுகள் விட்டுவிட்ட மனிதர்களைப் பற்றிய சான்று என்ற வகையில் இம்முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

கலப்பு எப்போது நடந்தது என்பதைக் குரோமோசோம் துண்டுகளின் நீளம் காட்டும். முதல் தலைமுறைக் குழந்தையிடம் ஆப்பிரிக்கத் தாயோ தந்தையோ தந்த குரோமோசோம் முழுதாக இருக்கும். அக்குழந்தை வளர்ந்து அடுத்த தலைமுறைக்கு மரபைக் கடத்தும்போது, இணைக் குரோமோசோம்கள் தமக்குள் பகுதிகளை மாற்றிக்கொள்வதால் அது உடைகிறது. தலைமுறை கூடக் கூடத் துண்டுகள் குறுகும். சித்தியரிடம் துண்டுகள் இன்னும் நீளமாகவே இருக்கின்றன. கலப்பு கடந்த எட்டுத் தலைமுறைகளுக்குள், ஏறத்தாழ 200 ஆண்டுகளில், நடந்திருக்க வேண்டும். இது கலப்பின் காலமே தவிர, வருகையின் காலம் அன்று. 300 முதல் 500 ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் நெடுங்காலம் அண்டை மக்களோடு மண உறவின்றி இருந்திருக்கலாம்; முற்காலக் கலப்பின் தடம் பிற்காலக் கலப்பில் மறைந்திருக்கவும் கூடும்.

மேற்கிந்தியக் குழுவில் ஆளுக்கு ஆள் ஆப்பிரிக்கப் பங்கின் வேறுபாடு மிகக் குறைவு, 8.4 சதவீதம்தான். அமெரிக்கக் கறுப்பினத்தாரிடம் இவ்வேறுபாடு மிகப் பெரிது. கலப்புக்குப் பின் மணவுறவு சமூகத்துக்குள்ளேயே அமைந்ததால் பங்கு எல்லோரிடமும் சமன்பட்டிருக்கிறது. சாதிக்குள் மணம் செய்யும் இந்திய வழக்கத்தை வந்தேறிய மக்களும் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இது ஒரு தடயமாகலாம்.

சித்தியரின் ஆப்பிரிக்க வழியை உறுதிசெய்வது மரபணுதான், தோற்றம் அன்று. தோற்றத்தை வைத்து வழிமரபை ஊகிப்பது எவ்வளவு பிழையானது என்பதற்கு அந்தமான் பழங்குடியினர் சான்று. கருநிறமும் சுருள்முடியும் கொண்ட அவர்கள் அண்மைக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் அல்லர். பல்லாயிரம் ஆண்டுகளாக ஆசியாவில் வேரூன்றிய தாய்வழிக் கிளைகள் அவர்களுடையவை.

பாகிஸ்தானின் மக்ரான் கரையில் வாழும் ஆப்பிரிக்க வழியினரைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வு வேறொரு வாசலைத் திறந்தது. அவர்கள் உள்ளூர் பலூச்சியரும் கிழக்கு அல்லது தென்கிழக்கு ஆப்பிரிக்கப் பாண்டு மக்களும் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன், ஓமான் ஆதிக்கக் காலத்தில், கலந்து உருவானவர்கள். டஃபி எனும் புரதம் சிவப்பணுவின் மேற்பரப்பில் இல்லாதபடி செய்யும் மரபணு மாற்றத்தை ஆப்பிரிக்க முன்னோர் கொண்டுவந்தனர். விவாக்ஸ் மலேரியாக் கிருமி பெரும்பாலும் அப்புரதத்தைப் பற்றியே சிவப்பணுவுக்குள் நுழைகிறது. அந்நோய் மலிந்த மக்ரானில் இம்மாற்றம் பெற்றவர்கள் பிழைத்துப் பெருகும் வாய்ப்பு கூடியது. சில தலைமுறைகளுக்குள் அதன் பங்கும் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தது.