ஏற்காட்டு வளைவும் கியர்ப் பெட்டியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். வளைவொன்றில் பழைய அம்பாசிடர் கார் இரண்டாம் கியரில் திணறுகிறது. முதல் கியருக்கு மாற்றினால் 'கர்ர்' என்று உறுமுகிறது. ஏன்?

வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளா. கார் தோன்றிய காலத்துத் தொல்லை இது. அன்றைய ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' முறையைக் கையாண்டனர். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவார்கள். வேகங்களைச் சமமாக்கியது ஓட்டுநரின் கால்தான்!

அமெரிக்கப் பொறியாளர் எர்ல் தாம்சன் உருவாக்கிய 'சிங்க்ரோமெஷ்' 1928-இல் காடிலாக் கார்களில் வந்தது. இதில் கூம்பு வடிவப் பரப்புகள் முதலில் உராய்ந்து வேகங்களைச் சமமாக்கும். பின்னரே பற்கள் கோக்கும். மாரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி 1957-இல் பிறந்த அம்பாசிடரில் மேல் மூன்று கியர்களுக்கே இவ்வசதி இருந்தது. ஆகவே, ஓடும்போது முதல் கியர் உறுமுவது பழுதன்று. பிறப்பிலேயே உள்ள குணம்.

மற்ற கியர்களும் முரண்டினால்? சமதரையில் கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுதும் மிதியுங்கள். சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். உறுமினால், கிளட்ச் முற்றிலும் விடுபடவில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போதும் கைப்பிடி இறுகினால், இணைப்புத் தண்டுகளைப் பாருங்கள். ஓட்டத்தில் ஒரே கியர் மட்டும் உறுமினால், அதன் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். பெட்டியைப் பிரிப்பது கடைசி வேலை.

மலையிறங்கும்போது கியர் விழாமல் நியூட்ரலில் நின்றால், எஞ்சினின் தடுப்பாற்றல் கிடைக்காது. பிரேக் மட்டுமே துணை. எனவே, இச்சோதனைகளை அடிவாரத்திலேயே செய்துவிடுங்கள்!