இசைத்தட்டும் ஒரு வரலாற்றுச் சான்றே



கல்வெட்டும் ஓலைச்சுவடியும் வரலாற்றுச் சான்றுகள் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஓர் இசைத்தட்டும் அவ்வாறே சான்றாகும். 1960களின் ஸ்காண்டிநேவிய இசைத்தட்டுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த 'ரிதம் அண்ட் புளூஸ்' இசை, பிரிட்டிஷ் குழுக்களின் வழியாக ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாட்டு இளைஞர்களை எட்டியது. 1961இல் பால்டிக் கடலில் நின்ற கப்பலிலிருந்து 'ரேடியோ நோர்ட்' என்னும் தனியார் வானொலி மெல்லிசையை ஒலிபரப்பத் தொடங்கியது. இளையோர் அதன்பால் ஈர்க்கப்படவே, ஸ்வீடன் வானொலியும் அதே ஆண்டில் மெல்லிசைக்கெனத் தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. கப்பல் வானொலி 1962இல் நின்றது. அது எழுப்பிய ஆர்வம் நிற்கவில்லை.

ஊர்தோறும் குழுக்கள் தோன்றின. கோத்தன்பர்க்கில் 'டாகெஸ்', மால்மோவில் 'நேம்லூசர்ஸ்', ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே இரும்புச் சுரங்க நகரான கிருனாவில் 'ஷேன்ஸ்', நார்வேயின் துரோம்சோவில் 'புஸ்ஸிகேட்ஸ்' எனப் பட்டியல் நீளும். பின்னாளில் 'அபா' குழுவால் உலகப் புகழ்பெற்ற பென்னி ஆண்டர்சன், 1964இல் 'ஹெப் ஸ்டார்ஸ்' குழுவில் சேர்ந்து இசைத்தவரே. இக்குழுக்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே பாடின.

1965இல் ஸ்வீடனின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.7 மில்லியன், நார்வேயில் 3.7 மில்லியன். சந்தை சிறியது, ஆதலால் பல தட்டுகள் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சாயின. விருந்துகளில் தேய்ந்தவை போக, நல்ல நிலையில் எஞ்சியவை சிலவே.

இங்கே ஒரு முரணைக் காண்கிறோம். அச்சிடும் நூல்களின் படிகளை அரசுக்கு அளிக்க வேண்டும் என்னும் விதி ஸ்வீடனில் 1661இலேயே வந்துவிட்டது. ஒலிப்பதிவுகளுக்கு அக்கடமை 1979இல்தான் வந்தது. நார்வே 1989ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் டென்மார்க் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்துக்கொண்டன. எனவே, 1960களில் ஓர் இளைஞர் எழுதிய சிறு துண்டறிக்கை அச்சானால் நூலகத்தில் இடம்பெறும். அவர் பாடிய பாடலுக்கு அந்த உறுதி இல்லை. வானொலி நிலையங்கள் தட்டுகளைச் சேமித்தன என்றாலும் அவை ஒலிபரப்புத் தேவைக்கானவை.

இவ்விடைவெளியை நிரப்பியவர்களுள் தனிச் சேகரிப்பாளர்களும் அடங்குவர். பழைய பொருள் சந்தைகளில் தேடி எடுத்த தட்டை அவர்கள் ஆய்வாளரைப் போலவே நோக்குகின்றனர். நடுவிலுள்ள வட்டத்தாளின் நிறம், பட்டியல் எண், பாடல் முடியும் இடத்தில் பொறிக்கப்பட்ட குறியீடு, உறையை அச்சிட்ட அச்சகத்தின் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டு, இது முதற்பதிப்பா மறுபதிப்பா எனத் தீர்மானிக்கின்றனர். உறையின் பின்புறக் குறிப்புகள் குழுவினரின் பெயரையும் ஊரையும் சொல்கின்றன. தட்டு சிதைந்தாலும் உறை தொலைந்தாலும் இச்செய்திகளும் மறையக்கூடும்.

அரிய தட்டுகளுக்குப் பெருவிலை கேட்கும் வணிகமும் இதில் உண்டு. ஆயினும், சுரங்க நகரத்து இளைஞர் சிலர் தொலைதூர இசையொன்றைத் தமதாக்கிக்கொண்ட கதை, அன்று எவரும் வரலாறு எனக் கருதாத பொருளை ஒருவர் எறியாமல் வைத்திருந்ததால்தான் கிடைக்கிறது.

வீட்டில் பழைய இசைத்தட்டோ ஒலிநாடாவோ இருப்பின், எறியும் முன் பிள்ளைகளிடம் கொடுங்கள். யார் பாடியது, எங்கே பதிவானது, எந்த ஆண்டு என அவர்களே கண்டறிந்து எழுதட்டும். வரலாற்றுப் பாடத்திற்கு அதைவிட நல்ல பயிற்சி வேறென்ன?