பரீட்சைக்குப் பூட்டு போட்ட கதை

போன மாசம் அக்கா மகளிடமிருந்து ஃபோன். ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள். "மாமா, இன்டர்னல் டெஸ்ட்டெல்லாம் இனிமே ஆன்லைன்லதானாம். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்னு பார்க்குற கமிட்டில என்னையும் போட்டுட்டாங்க. நீங்கதான் சொல்லணும்" என்றாள். கையில் ஒரு கம்பெனியின் கொட்டேஷன் வைத்திருந்தாள். பசங்க வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் குறித்துக்கொள்ளும். "ரொம்ப செக்யூர்னு சொல்றாங்க மாமா."

யாருக்கு செக்யூர் என்று கேட்க வந்தது, அடக்கிக்கொண்டேன். நாலு நாள் உட்கார்ந்து இதன் பழைய கதையைப் படித்தேன். (இது எனக்கு ஒரு வியாதி, உங்களுக்குத் தெரியாததா!)

பரீட்சை வைக்கும் எந்திரம் 1920களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் சிட்னி பிரெஸ்ஸி செய்தது. சின்னப் பெட்டி, நாலு விசை, ஒரு ஜன்னலில் கேள்வி. சரியான விடைகளை அதுவே எண்ணிக்கொள்ளும். இன்னொரு முறையில் வைத்தால், சரியான விசையை அழுத்தும்வரை அடுத்த கேள்விக்கு நகராது. நன்றாகச் செய்தால் மிட்டாய் விழும் ஏற்பாடுகூட இருந்தது. காப்பியடிப்பதைப் பற்றி அந்தப் பெட்டிக்கு ஒரு கவலையும் இல்லை.

அடுத்தது பிளேட்டோ. கிரேக்கத் தாத்தா இல்லீங்க, இலினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960ல் தொடங்கிய கம்ப்யூட்டர் பாட அமைப்பு. எழுபதுகளில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரையோடு நூற்றுக்கணக்கான முனையங்கள் அதில் இணைந்திருந்தன. அதில் ஒரு வசதி என்னை உட்கார வைத்துவிட்டது. இருவர் எழுத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் விரும்பினால் 'மானிட்டர்' முறைக்கு மாறலாம். மறுமுனையில் இருப்பவருக்கு அவருடைய திரை அப்படியே தெரியும். "இங்க சிக்கிட்டேன், கொஞ்சம் பாருங்க" என்று கேட்பதற்கான வசதி. அடுத்தவன் திரையைப் பார்க்கும் தொழில்நுட்பம் அப்போதே தயார். ஆனால் கதவைத் திறந்துவிடுவது உள்ளே இருப்பவர்.

இணையம் வந்தது. 2002ல் மார்ட்டின் டூகியாமாஸின் மூடுல் முதல் பதிப்பு வெளியானது. இலவசம், திறமூலம். கேள்விகளைக் கலைத்துப் போடலாம், கடவுச்சொல் வைக்கலாம், குறிப்பிட்ட கணினிகளில் மட்டும் திறக்க வைக்கலாம். ஆனால் பக்கத்து ஜன்னலில் கூகுள் இருக்கிறதே? அதற்குத்தான் பூட்டும் உலாவிகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் சூரிக் ஈடிஎச்சில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசர் அதில் ஒன்று. தேர்வு முடியும்வரை திரை முழுக்க அதுதான், வேறு எந்த நிரலுக்கும் போக முடியாது. கல்லூரி லேபில், கண்காணிப்பாளர் நடமாடும் இடத்தில், இது கச்சிதம். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் மடியில் இருக்கும் ஃபோனை இது என்ன செய்யும்?

அங்கேதான் கேமரா நுழைந்தது. 2020ல் கொரோனா எல்லாரையும் வீட்டில் அடைத்தபோது அமெரிக்கக் கல்லூரிகள் இதை மொத்தமாகத் தூக்கிக்கொண்டன. நம்மூரில் அண்ணா பல்கலைக்கழகமும் அந்த செப்டம்பரில் இறுதி செமஸ்டரைக் கேமரா கண்காணிப்போடுதான் நடத்தியது. கறுப்பு நிற மாணவர்களின் முகத்தை மென்பொருள் கண்டுகொள்ளவில்லை என்று அமெரிக்காவில் புகார்மேல் புகார். நம்ம நிறத்தை நினைத்தால் எனக்கே பக் என்றது.

2021 பிப்ரவரியில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர். இவரும் கெமிஸ்ட்ரிதான். தேர்வுக்கு முன் கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டச் சொன்னார்கள். அறை என்றால் அவர் படுக்கையறை. உள்ளே ரகசியக் காகிதங்கள் இருந்தன, ஒதுக்கி வைக்க நேரமில்லை என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் காட்டினார். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துபோன விஷயம், ஆனால் பதிவானது, கூட எழுதியவர்களும் பார்க்க முடிந்தது. அவர் வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் பொருந்தும். காரணமில்லாமல் வீட்டைச் சோதனை போடக்கூடாது என்பது அது. 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஃபிலிப் கலப்ரீஸ், அந்த அறைச் சோதனை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்.

இதை அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எங்க பசங்கள்ல பாதிப் பேருக்கு தனி ரூமே கிடையாது மாமா. பாட்டி பின்னாடி நடந்து போனாகூட மாட்டிக்குவாங்களா?" என்றாள்.

மாட்டிக்கத்தான் செய்வார்கள். 2020 அக்டோபரில் கலிபோர்னியாவின் வக்கீல் தகுதித் தேர்வில் இப்படி ஒரு மென்பொருள் மூவாயிரம் பேருக்கு மேல் சந்தேகக்குறி போட்டது. மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தபின் பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டார்கள். அதுவரை அவர்கள் தூங்கியிருப்பார்களா?

கேமரா கொட்டேஷனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். மூடுல், கூடவே அந்த சூரிக் பூட்டு, காலேஜ் லேப். 2020 ஜூனில் வந்த 3.9 பதிப்பிலிருந்து ரெண்டும் ஒட்டியே வருகிறது, செலவு சர்வருக்கு மட்டும்தான். பிரின்சிபால் "அப்ப வீட்லேர்ந்து எழுத முடியாதா?" என்று முகம் சுளித்தாராம். முடியாது, உண்மைதான். இவள் விடவில்லை.

லேபில் நாற்பது சிஸ்டம், வகுப்பில் அறுபத்திரண்டு பேர். ரெண்டு பேட்ச். முதல் பேட்ச் வெளியே வந்து சொல்லிக் கொடுக்காமல் இருக்க, கேள்வி நிறைய வேண்டும். முன்னூறு கேள்வி எழுத உட்கார்ந்திருக்கிறாள், நூற்றுப்பத்து ஆகியிருக்கிறது. ஃபோன் பண்ணினால் எடுப்பதே இல்லை :-)