கோபால்ட்

ஜெர்மன் மொழியில் 'கோபோல்ட்' என்றால் குட்டிச்சாத்தான். சாக்சனி மலைச் சுரங்கங்களில் வெள்ளி தேடியவர்களுக்கு ஒரு தாது அகப்பட்டது. உருக்கினால் வெள்ளி வரவில்லை, ஆர்சனிக் நச்சுப்புகைதான் வந்தது. எல்லாம் சாத்தானின் வேலை என்று ஏசி, தாதுவுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். அதில் புது உலோகம் ஒளிந்திருப்பதை 1730களில் காட்டியவர் சுவீடனின் கியோர்க் பிராண்ட். வசவு மட்டும் பெயராக ஒட்டிக்கொண்டது.

இன்று உலகக் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் வெட்டப்படுகிறது. சுத்திகரிப்பது பெரும்பாலும் சீனா. 2008இல் காங்கோவுடன் எழுதப்பட்ட சிக்கோமைன்ஸ் சுரங்க ஒப்பந்தப்படி சீன நிறுவனங்கள் அங்கே சாலையும் மருத்துவமனையும் கட்டித்தரும். அதற்கான கடனைச் செம்பும் கோபால்ட்டும் அடைக்கும். அப்பட்டமான பண்டமாற்று. தங்களுக்குக் கிடைத்தது சொற்பம் என்று காங்கோ முறையிட, 2024இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, கட்டுமானத் தொகை 700 கோடி டாலர் வரை உயர்ந்தது.