செனடாஃப் ரோடு துரையும் லண்டன் சுவர் சிரிப்பும்

மயிலாப்பூர்ல இருந்து தேனாம்பேட்டை பக்கம் போறவங்களுக்கு செனடாஃப் ரோடு தெரியாம இருக்காது. செனடாஃப்னா உடல் இல்லாத நினைவு மண்டபம். யாருக்கு? கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு. மண்டபம் அங்கிருந்து எப்பவோ போயாச்சு, பேர் மட்டும் தங்கிடுச்சு.

அவரோட பளிங்குச் சிலை இன்னிக்கும் கோட்டை மியூசியத்துல நிக்குது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கினது, 1800 வாக்கில் வந்தது. பீடத்துல திப்பு சுல்தானோட ரெண்டு பசங்களைப் பிணையா வாங்குற காட்சி. பார்த்தா தோல்வியே அறியாத மனுஷன்னு நினைப்பீங்க.

ஆனா லண்டன்ல இவரை வெச்சு செஞ்சிருக்காங்க!

1791 மே மாசம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போயிட்டார். இழுவை மாடுகள் செத்துப்போச்சு, சாப்பாடு தீர்ந்துபோச்சு, மழையும் பிடிச்சுக்கிச்சு. பெரிய பீரங்கிகளைத் தானே உடைச்சுப் போட்டுட்டு பெங்களூருக்குத் திரும்பினார். சேதி கப்பலேறிப் போய்ச் சேர, டிசம்பர்ல ஜேம்ஸ் கில்ரே ஒரு கேலிப்படம் வெளியிட்டார். தலைப்பு, பருவமழை வருதுங்கிற மாதிரி. மழை எங்கேயிருந்துன்னு பார்த்தா, மதில் மேல நின்னு திப்பு சிறுநீர் கழிக்கிறார். கீழே பிரபு கழுதை மேல ஏறி ஓடறார். (யூராலஜி ஓ.பி.யில் மாட்டலாம்.)

இந்த மாதிரிப் படங்களை அவங்க பார்த்துட்டுத் தூக்கிப் போடல. வசதியானவங்க வாங்கி மடக்குத் தட்டியிலும் சுவர்லயும் ஒட்டினாங்க. டெர்பிஷயர்ல கால்க் அபின்னு ஒரு பெரிய மாளிகை. அங்கே ஒரு அறையோட சுவர் முழுக்க கேலிப்படம், இன்னும் இருக்கு.

1799-ல ஆக்கர்மன்ங்கிற பதிப்பாளர் இதையே தனிச் சரக்கா ஆக்கினார். உட்வர்ட் வரைய, ரௌலண்ட்சன் செப்புத் தகட்டுல செதுக்க, ஒவ்வொரு தாள்லயும் வரிசை வரிசையா குட்டிக் கோணங்கி உருவங்கள். வரிவரியா கத்தரிச்சு நீளமா ஒட்டினா சுவருக்கு பார்டர் ரெடி. நம்ம புடவை பார்டர்ல அன்னமும் யானையும் போகுமே, அங்கே அந்தக் கோணங்கி ஆளுங்க. பில்லியர்ட்ஸ் ரூமுக்கும் டிரஸ்ஸிங் ரூமுக்கும்னு தலைப்பிலேயே போட்டு வித்தாங்க.

எனக்கு உறுத்துறது இதுதான்: ஒரே ஆள், இங்கே நாம அண்ணாந்து பார்க்கறதுக்குப் பளிங்கு, அங்கே சொந்த ஊர்க்காரன் சிரிக்கக் காகிதம். 1792-ல அவர் திரும்பி வந்து மைசூர்ல பாதியைப் பிடுங்கினார், அது உண்மை. பீடத்துல அது மட்டும்தான் இருக்கு, முந்தின வருஷத்து ஓட்டம் இல்லை.

அதுக்காகக் கேலிப்படக்காரங்க எல்லாம் நியாயவான்னு நினைச்சுடாதீங்க. இதே கில்ரே 1802-ல, ஜென்னரோட அம்மைத் தடுப்பூசி போட்டவங்க உடம்புல மாடு முளைக்கிற மாதிரி வரைஞ்சார். அந்தக் காலத்து ஃபார்வர்ட் மெசேஜ்! அதே வருஷம்தான் அந்தத் தடுப்பூசி இந்தியாவுக்கும் வந்து சேர்ந்துச்சு.

கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. மத்த நாள்ல போனா, சிலை முன்னாடி நின்னு போன்ல பிரிட்டிஷ் மியூசியம் தளத்துல கில்ரே படத்தைத் தேடி எடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.