கடலரசனின் கோபம்

கிரேக்கர்களின் தேவலோகத்தில் கோபதாபம் இல்லாத தெய்வம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் மற்றத் தெய்வங்களின் கோபத்துக்கும் பொஸைடனின் கோபத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜீயஸ் கோபித்தால் இடி விழும். ஒரு மரமோ ஒரு மனிதனோ கருகுவதோடு போகும். அப்போலோ கோபித்தால் கொள்ளைநோய் வரும். பரிகாரம் தேடிக்கொள்ளச் சில நாட்களாவது அவகாசம் கிடைக்கும். பொஸைடன் கோபித்தாலோ, பொழுது விடிவதற்குள் ஓர் ஊரே இருந்த இடம் தெரியாமல் போய்விடும். முச்சூலம் ஏந்திய இந்தக் கடலரசனை நான் வெகுகாலமாகவே கவனித்து வருகிறேன். கதை எழுதுகிறவனுக்குச் சாந்தமூர்த்திகளைக் காட்டிலும் கோபக்காரர்களிடம் ஈடுபாடு சற்று அதிகமாக இருப்பது இயல்புதானே?

இவனுடைய கோபத்துக்குப் பாகப் பிரிவினைதான் காரணமோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. தகப்பனாகிய குரோனோஸை வென்று வீழ்த்திய பிறகு, ஜீயஸ், பொஸைடன், ஹேடீஸ் ஆகிய மூன்று சகோதரர்களும் உலகத்தைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். வானம் ஜீயஸுக்கு, கடல் பொஸைடனுக்கு, இருண்ட பாதாளம் ஹேடீஸுக்கு. பூமியும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. ஹோமரின் இலியத் காவியத்தில் ஒரு கட்டம் வருகிறது. டிராய் நகரப் போர்க்களத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஜீயஸ் ஆள் அனுப்புகிறான். "அவன் பங்கு அவனோடு, என் பங்கு என்னோடு. என்னை அதிகாரம் பண்ண அவன் யார்?" என்ற பாவனையில் பொஸைடன் சீறுகிறான், பிறகு முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போகிறான். பொதுக் கிணற்றுக்காகவும் வாய்க்கால் தண்ணீருக்காகவும் சகோதரர்கள் மல்லுக்கு நிற்பதைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி புதியதல்ல. பூமி பொதுச்சொத்து என்று விட்டுவைத்தார்களே, அதில்தான் விபரீதம் எல்லாம் விளைந்தது. கடலுக்கு அதிபதியானவன், நிலத்தின்மீது தனக்குள்ள பாத்தியதையை ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தத் தெய்வம் எவ்வளவு பழையது என்பதை 1952-ம் ஆண்டுக்கு முன்னால் யாரும் நிச்சயமாகச் சொல்லியிருக்க முடியாது. அந்த ஆண்டில், மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு புதிரை விடுவித்தார். தொழிலால் அவர் கட்டிடக்கலைஞர். மொழிப் பேராசிரியர் அல்லர். கிரேக்க நாட்டுப் பைலோஸ் அரண்மனையிலும் கிரீட் தீவிலும் கிடைத்த களிமண் ஏடுகளில் இருந்த எழுத்து மிகப் பழைய கிரேக்க மொழியே என்று அவர் காட்டினார். ஏறக்குறைய கி.மு. 1200-ல் பைலோஸ் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அரண்மனையை அழித்த அதே நெருப்பு, சுடப்படாத களிமண் ஏடுகளைச் செங்கல் போலச் சுட்டு நமக்காகப் பத்திரப்படுத்தி வைத்தது. அவை காவியங்கள் அல்ல. வெறும் கணக்கு ஏடுகள். கோதுமை இவ்வளவு, திராட்சை மது இவ்வளவு, காளை ஒன்று, பாலாடைக்கட்டி, தேன், ஆட்டுத்தோல் என்று காணிக்கைப் பட்டியல் ஒன்று அவற்றில் இருக்கிறது. யாருக்குக் காணிக்கை? பொஸைடனுக்கு! பைலோஸில் ஜீயஸைவிட இவனுக்கே மதிப்பு அதிகம் என்று அந்தக் கணக்குகளைப் படித்தவர்கள் கூறுகிறார்கள்.

ஒடிஸ்ஸி காவியத்தில், தகப்பனைத் தேடிப் புறப்பட்ட டெலிமாக்கஸ் பைலோஸ் கரையில் வந்து இறங்குகிறான். அங்கே ஒன்பது வரிசைகள், வரிசைக்கு ஐந்நூறு பேர் வீதம் ஜனங்கள் அமர்ந்திருக்கிறார்கள். வரிசைக்கு ஒன்பது கரிய காளைகளைப் பொஸைடனுக்குப் பலியிடுகிறார்கள். கவியின் கற்பனை என்று எல்லோரும் நினைத்திருந்த அந்த ஊர் வழக்கத்துக்கு, நூற்றாண்டுகள் மூத்த கணக்குப்பிள்ளையின் ஏடு சாட்சி சொல்லிவிட்டது. கவி சொன்னதைக் கணக்குப்பிள்ளை ஊர்ஜிதம் செய்வது உலகத்தில் அபூர்வமாக நடக்கும் காரியம் அல்லவா?

கடலரசனுக்கு ஹோமர் சூட்டும் பட்டப்பெயர்களில் முக்கியமானது, 'நிலத்தை நடுக்குகிறவன்' என்பது. கடலில் இருப்பவனுக்கு நிலத்தை நடுக்கும் வேலை எதற்கு என்று கேட்கலாம். கிரேக்க நாட்டின் பூகோளத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஆப்பிரிக்காவைச் சுமக்கும் பூமித்தட்டு, மத்தியதரைக் கடலுக்கு அடியில் வடக்கு நோக்கி நகர்ந்து, ஈஜியன் கடல்பகுதியின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பாவிலேயே நிலநடுக்கம் மிகுந்த பிரதேசம் அதுதான். அங்கே பூமி அசையும்போது பல சமயங்களில் கடலும் சேர்ந்து பொங்குகிறது. இரண்டையும் ஒருங்கே கண்ட ஜனங்கள், இரண்டுக்கும் ஒரே எஜமானன் என்று தீர்மானித்ததில் வியப்பு என்ன இருக்கிறது? அந்த எஜமானனையே 'அசையாமல் காப்பவன்' என்றும் பெயரிட்டுக் கும்பிட்டார்கள். ஆட்டுகிறவனிடம்தானே ஆட்டாதே என்று விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும்?

இனிப் புராணத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். கி.மு. 479-ல் பாரசீகத் தளபதி அர்த்தபாசஸ், வடகிரேக்கத்தில் பொடிடேயா என்ற ஊரை மூன்று மாதமாக முற்றுகையிட்டிருந்தான். அந்த ஊரின் பெயரே பொஸைடனின் பெயரிலிருந்து வந்தது. ஒருநாள் கடல் என்றுமில்லாதபடி உள்வாங்கிற்று. நல்ல சமயம் வாய்த்தது என்று பாரசீகர்கள் வற்றிய கடல்தரை வழியே ஊரின் மறுபக்கத்துக்கு நடந்தார்கள். ஐந்தில் இரண்டு பங்கு தூரம் கடந்திருப்பார்கள். கடல் திரும்பி வந்தது. நீந்தத் தெரியாதவர்கள் மூழ்கினார்கள். நீந்தியவர்களை ஊரார் படகிலே போய்க் கொன்றார்கள். ஊர்ப்புறத்திலிருந்த பொஸைடன் கோயிலையும் சிலையையும் அவமதித்தவர்களே மாண்டார்கள் என்று பொடிடேயா மக்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்வது சரி என்றே தமக்குத் தோன்றுவதாகச் சரித்திரத் தந்தை ஹெரடோட்டஸ் எழுதி வைத்தார்.

அடுத்த சம்பவம் ஸ்பார்ட்டாவில் நடந்தது. இது என் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஸ்பார்ட்டர்கள் போர் ஒன்றையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களுக்காக நிலத்தை உழுது சோறு போட்டவர்கள் 'ஹெலட்' எனப்படும் அடிமைக் குடிகள். நாட்டின் தென்கோடியில், தைனரான் முனையில், பொஸைடன் கோயில் ஒன்று இருந்தது. சில ஹெலட்டுகள் அங்கே ஓடிச் சரண் புகுந்தார்கள். சரண் புகுந்தவர்களைத் தொடக்கூடாது என்பது கிரேக்க தர்மம். ஸ்பார்ட்டர்கள் அவர்களை வெளியே கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். கி.மு. 464-ல் பெரிய நிலநடுக்கம் ஸ்பார்ட்டாவைத் தகர்த்தது. ஐந்து வீடுகளே மிஞ்சின என்கிறார் புளூடார்க். ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்து இத்தோமே மலையில் அரண் அமைத்துக்கொண்டு பல ஆண்டுகள் போராடினார்கள். கடைசியில், உயிரோடு நாட்டை விட்டுப் போகலாம் என்ற உடன்படிக்கையின்மேல் வெளியேறினார்கள். ஆதென்ஸ் அரசாங்கம் அவர்களை நௌபாக்டஸ் என்ற துறைமுகத்தில் குடியேற்றியது.

தைனரானில் செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று ஸ்பார்ட்டர்களே நம்பினார்கள் என்பதைத் துஸிடிடீஸ் எழுதியிருக்கிறார். ஆயுதமில்லாத அடிமைக்கு நியாயம் சொல்ல அந்த நாட்டில் சட்டமோ மன்றமோ இருக்கவில்லை. எஜமானனின் கையைச் சற்றே தயங்க வைத்தது கடலரசனின் கோபத்தைப் பற்றிய பயம் ஒன்றுதான். பிற்காலத்தில் அதே தைனரான் கோயிலில், அடிமைகளை விடுவித்துப் பொஸைடனுக்கு அர்ப்பணித்ததாகக் கூறும் சாசனங்கள் பொறிக்கப்பட்டன. பூமி அசைவதற்குப் பாவம் காரணமல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தவறான விளக்கம் சில ஏழைகளுக்கு நிழல் கொடுத்தது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

துஸிடிடீஸ் தாமே என்ன நினைத்தார்? கி.மு. 426-ல் யூபியா தீவின் ஒரோபியே என்ற ஊரில் கடல் உள்வாங்கிப் பிறகு மலைபோல் எழுந்து ஊரின் ஒரு பகுதியை விழுங்கியது. மேட்டுக்கு ஓடிப் பிழைக்க முடியாதவர்கள் மாண்டார்கள். இதை எழுதும்போது அவர் தெய்வத்தை அழைக்கவே இல்லை. அதிர்ச்சி எங்கே கடுமையோ அங்கே கடல் பின்வாங்கி, முன்னிலும் வேகமாகத் திரும்பி வருகிறது. நிலநடுக்கம் இன்றி இப்படி நேர வழி இல்லை என்று வைத்தியர் நோயைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று நம்முடைய கரைகளில் கடல் புகுந்ததை அறிந்தவர்கள், அந்த வாக்கியங்களைப் படித்தால் ஒரு கணம் மௌனமாகிவிடுவார்கள். பொடிடேயாவுக்கும் ஒரோபியேக்கும் இடையே 53 ஆண்டுகள்தாம். அதற்குள் மனித புத்தி எவ்வளவு தூரம் நடந்துவிட்டது!

ஆனால் எல்லோரும் சேர்ந்தா நடந்தார்கள்? இல்லை என்பதற்கு ஹெலிகேயின் கதையே அத்தாட்சி.

பெலப்பொனேஸஸின் வடகரையில், அக்கேயா நாட்டில் இருந்த நகரம் ஹெலிகே. கடலிலிருந்து 12 ஸ்டேடியம், அதாவது சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம். அங்கிருந்த பொஸைடன் கோயில் கிரேக்க உலகம் முழுவதும் பிரசித்தம். கி.மு. 373-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் இரவு, பூமி நடுங்கியது; கடல் வந்தது; காலையில் ஹெலிகே இல்லை. அருகே நங்கூரமிட்டிருந்த ஸ்பார்ட்டாவின் பத்துக் கப்பல்களும் போயின. சடலங்களை எடுக்க அக்கேயர்கள் இரண்டாயிரம் பேரை அனுப்பினார்கள், எடுக்க முடியவில்லை. ஐந்து நாள் முன்னதாகவே எலிகளும் பாம்புகளும் ஊரை விட்டுக் கூட்டமாக வெளியேறின என்று ஈலியன் எழுதுகிறார்.

ஏன் அழிந்தது? பல நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட நான்கு விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த ஹெராக்ளிடீஸ் சொன்னதை ஸ்ட்ராபோ தருகிறார்: முன்பு அங்கிருந்து வெளியேறிய அயோனியர்கள், கோயில் சிலையையோ கோயிலின் மாதிரியையோ கேட்டார்கள், ஹெலிகே மறுத்தது. அவ்வளவுதான் குற்றம். சுமார் முந்நூறு ஆண்டுக்குப் பின் எழுதிய டயோடோரஸ், பலியிட வந்த அயோனியர்களின் பூஜைப் பொருள்களைச் சிதறடித்து அவர்களைப் பிடித்தும் வைத்தார்கள் என்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாஸேனியஸ் எழுதும்போது, சரண் புகுந்தவர்களைக் கோயிலிலிருந்து இழுத்துக் கொன்றதாக ஆகிவிடுகிறது. அதற்குப் பின் வந்த ஈலியனிடத்தில், அயோனியர்களைப் பலிபீடத்திலேயே வெட்டியதாகக் கதை முற்றுகிறது.

நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செத்துப்போனவர்களின் குற்றம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு வளர்ந்திருக்கிறது. ஒரு சிலையைத் தர மறுத்த பிழைக்கு, குழந்தை குட்டிகளோடு ஊரே மூழ்குவதா என்று கேட்போரின் மனம் ஒப்பவில்லை. தண்டனை பெரிதாயிருந்தால் குற்றமும் பெரிதாக இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இல்லாவிட்டால், குற்றமில்லாத தன் ஊருக்கும் அந்த இரவு ஒருநாள் வரலாம் என்று ஒப்புக்கொள்ள நேருமே! பாத்திரத்துக்கு நேரும் முடிவுக்குத் தக்கபடி அவனுடைய பாவத்தைக் கூட்டி எழுதுவது எங்கள் தொழிலில் தினசரி நடப்பது. கதையில் அது சாமர்த்தியம். பேச வாயில்லாத உண்மை மனிதர்களைப் பற்றி அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் வேறு. ஹெலிகேயிலிருந்து எதிர்வாதம் செய்ய ஒருவனும் மிஞ்சவில்லை.

அரிஸ்டாடில் இந்தக் கதைகளில் சிக்கவில்லை. அக்கேயாவின் அழிவைத் தம் நூலில் குறிப்பிட்டு, பூமிக்குள் அடைபட்ட காற்றே நடுக்கத்துக்குக் காரணம் என்றார். அவர் விடை தவறுதான். ஆனாலும் அது இறந்தவர்கள்மேல் பழி சுமத்தாத விடை.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அங்கே சென்ற எரடோஸ்தனீஸிடம் படகோட்டிகள் ஒன்று சொன்னார்கள். நீருக்குள் பொஸைடனின் வெண்கலச் சிலை நேராக நிற்கிறதாம்; கையில் கடற்குதிரை; வலை வீசுவோருக்கு அது ஆபத்தாம். இந்தச் செய்தியை நம்பிப் பிற்காலத்தவர்கள் கடலடியில் தேடினார்கள். 1988-ல் டோரா கட்ஸோனொபுலு, ஸ்டீவன் ஸோட்டர் ஆகிய இருவரும் தேட ஆரம்பித்தபோதும் முதலில் கடலையே ஆராய்ந்தார்கள். நகரம் அகப்படவில்லை. பழைய நூல்களில் வரும் சொல் கடலைக் குறிக்காமல் உள்நாட்டுக் காயலைக் குறிக்கலாம் என்று யோசித்துக் கரைக்குத் திரும்பினார்கள். ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் தூர்ந்துபோன சமவெளியில் துளையிட்டுப் பார்த்தார்கள். 2001-ல், காயல் படிவுகளுக்கு அடியில் இடிந்த சுவர்கள் வெளிப்பட்டன. மேலே தோட்டங்களும் வயல்களும், கீழே ஹெலிகே.

மண்ணுக்குள் கிடைத்தவை சுவர்களும் பானை ஓடுகளும் காசுகளும். அவற்றில் குற்றப்பத்திரிகை எதுவும் இல்லை. மாலையில் விளக்கேற்றி, சாப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்த ஓர் ஊரின் மிச்சம் அது. பொஸைடனுக்கு இன்று பலியிடுவோர் இல்லை. ஸூனியன் முனையில் அவன் கோயில் தூண்கள் கடலைப் பார்த்துக்கொண்டு வெறுமனே நிற்கின்றன. பூமித்தட்டு மாத்திரம் தன் வழியே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கேனும் ஓர் ஊர் இடிந்தது என்று செய்தி வரும்போதெல்லாம், "அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ?" என்று கேட்கிற குரலும் கூடவே எழுகிறது. கடலரசனைக்கூட மன்னித்துவிடலாம்; அவன் செய்ததாகச் சொன்னவை அவன் செய்தவை அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை மன்னிப்பதுதான் எனக்குச் சிரமமாக இருக்கிறது.