மதிப்பெண்ணில் தொடங்கி க்ளிக்கில் முடிந்த கதை

"இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்" என்று இணையக் கடைகள் ஆள் பார்த்துச் சரக்கு காட்டுகின்றனவே, அந்த வித்தை கடைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1992-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், குவிந்த மின்னஞ்சல்களைச் சலிக்க டேபஸ்ட்ரி என்ற மென்பொருளை எழுதினார்கள். படித்தவர்கள் எழுதிவைத்த குறிப்பே அதற்குச் சல்லடை. 1994-ல் வந்த குரூப்லென்ஸ், யூஸ்நெட் கட்டுரைகளுக்கு வாசகர்களை 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னது.

ஆனால் எத்தனை பேர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள்? க்ளிக் செய்யாமல் மட்டும் யாராலும் இருக்க முடியாது! எனவே யார், எந்தப் பொருளை, என்ன செய்தார், எப்போது என்ற நாலு விவரத்தைப் பக்கத்தில் இருக்கும் நிரலே சத்தமில்லாமல் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. கிட்டத்தட்ட பேரேட்டுப் பதிவு மாதிரிதான். என்ன, கணக்கு எழுதப்படுவது வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை.

அந்த நாலு விவரம் எவ்வளவு பேசும் என்பதை நெட்ஃப்ளிக்ஸ் போட்டி காட்டிக்கொடுத்தது. அப்போது தபாலில் டிவிடி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நிறுவனம் அது. தன் பரிந்துரைக் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2006 அக்டோபரில் அறிவித்தது. சுமார் 4,80,000 பேர் 17,770 படங்களுக்கு இட்ட பத்துக் கோடி மதிப்பெண்களை, தேதியோடு, பெயரை மட்டும் நீக்கிவிட்டு வெளியிட்டது.

பெயரை நீக்கினால் போதுமா? போதாது என்றார்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் (சென்னை ஐஐடியில் படித்தவர்) விட்டாலி ஷ்மாட்டிகோவும். ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தவறாகவே இருக்கலாம், தேதி 14 நாள் முன்பின் ஆகலாம். அப்படியும் 99 சதவீதப் பதிவுகளைத் தனியே அடையாளம் காணலாம் என்று 2008-ல் வெளியான கட்டுரையில் காட்டினார்கள். பார்த்த படம் ஒருவரின் அரசியலையும் அந்தரங்கத்தையும் சொல்லிவிடும் என்பதுதான் இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம்.

2009-ல் பெல்கோர்ஸ் பிராக்மாட்டிக் கேயாஸ் அணி பரிசை வென்றது. அதே அளவு முடிவை எட்டிய இன்னொரு அணி, 20 நிமிடம் தாமதமாக அனுப்பியதால் தோற்றது. பாவம்! அந்தரங்க மீறல் வழக்கு வந்ததும் இரண்டாவது போட்டியை 2010-ல் நெட்ஃப்ளிக்ஸ் கைவிட்டது.

வென்ற நிரலாவது முழுதாகப் பயன்பட்டதா? அதுவும் இல்லை. அதற்குள் இணையம் வழியே படம் பார்ப்பது வளர்ந்து, எதைப் பார்த்தார், எங்கே நிறுத்தினார் என்ற பதிவுகளே முக்கியமாகிவிட்டன. 2017-ல் நட்சத்திர மதிப்பெண்ணையே எடுத்துவிட்டுக் கட்டைவிரல் படத்தை வைத்தார்கள்.